தண்ணீருக்கு முந்தி வரவேண்டிய பணம்

பழுதைச் செப்பனிடச் சர்க்கார் கொடுக்கும் மானியம் கடைமடை வரைக்கும் போய்ச் சேருகிறதா? திருப்பனந்தாள் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு பார்வை.

கும்பகோணத்திலிருந்து அணைக்கரைக்குச் செல்லும் சாலையில் திருப்பனந்தாளை நெருங்கும்போது, வைகாசி வெயிலில் வெடித்துக் கிடந்த வயல்களுக்கு நடுவே, மண்ணியாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த கிளை வாய்க்கால் ஒன்றின் கரைமேல், ஹிட்டாச்சி இயந்திரம் ஒன்று தன் நீண்ட கையை நீட்டி, ஓராண்டுக் காலத்து எக்கலையும் அதில் வேரூன்றியிருந்த நெய்வேலிக் காட்டாமணக்கையும் வாரிவாரிக் குவித்துக்கொண்டிருந்த காட்சியைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் நின்று பார்த்தேன். மதகுச் சுவரின்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். வேலையின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய பலகை ஒன்று, ஈரம் காயாத சேற்றில் சற்றே சாய்ந்து நின்றது. மேட்டூர் அணை திறப்பதற்கு இன்னும் எத்தனை நாள் என்பதே அன்று அந்தக் கரையில் கூடியிருந்தவர்களின் பேச்சாக இருந்தது.

அவர்களில் வயதில் மூத்தவர் ஒருவர், தோளில் மண்வெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். “நல்லாத்தான் வெட்டுறாங்க தம்பி, குறை சொல்லக் கூடாது,” என்று ஆரம்பித்தார். “ஆனா இந்த மெஷின் அந்த மதகு வரைக்கும்தான் வரும். அதுக்கு அப்பால எங்க கன்னி வாய்க்கால்ல இறங்க இதுக்கு வழியும் இல்லை, உத்தரவும் இல்லை.” பிறகு மதகின் அருகே இறங்கி, அதன் அடிக்கல்லில் மண்வெட்டிக் காம்பை ஊன்றிக் காட்டினார். வாய்க்காலின் தரை அந்தக் கல்லுக்கு ஒரு முழத்துக்கும் கீழே போயிருந்தது. “வாய்க்கால் பள்ளமாப் போயி, மடை மேடா நின்னுட்டா, தண்ணி எப்படி ஏறும்? அளந்து வெட்டணும் தம்பி. யாரு அளக்குறது?”

இந்த இரண்டு கேள்விகளையும் அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டாரே ஒழிய, அவை நியாயமாகப் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. வாய்க்கால், குளம், படித்துறை, பள்ளிக்கூடம், மேல்நிலை நீர்த்தொட்டி, மயானப் பாதை என்று ஏற்கெனவே ஊருக்குச் சொந்தமாக இருக்கிற பொதுச் சொத்துக்களைச் செப்பனிடுவதற்காகச் சர்க்கார் வருஷந்தோறும் கோடிக்கணக்கில் மானியம் ஒதுக்குகிறது. அந்தப் பணம் எந்த மாதத்தில் வருகிறது, யார் கையால் செலவாகிறது, எந்த மதகோடு நின்றுவிடுகிறது என்பதைப் பொறுத்தே டெல்டா விவசாயியின் ஒரு போகமும், அவன் பிள்ளை படிக்கும் பள்ளியின் சுவரும் நிற்கின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மானியம் என்ற பழைய சொல்

இன்று ‘மானியம்’ என்றால் சர்க்கார் ஒருமுறை தூக்கிக் கொடுக்கும் தொகை என்றே நாம் பொருள் கொள்கிறோம். நம் பாட்டனார் காலத்துக் கிராமக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. கோயிலில் விளக்கேற்றுகிறவனுக்கும், ஊர்க் காவல் காக்கிறவனுக்கும், தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டிக்கும், அந்தந்தக் காரியம் இடையறாமல் நடப்பதற்காக விடப்பட்ட நிலமே மானியம். ஏரியை வெட்டியவருக்கும் செப்பனிட்டவருக்கும் விடப்பட்ட ‘தசபந்தம்’ என்ற மானியம் பழைய சென்னை ராஜதானியில் பிரசித்தம். நிலம் இருக்கும்வரை வருமானம் இருக்கும். வருமானம் இருக்கும்வரை மராமத்தும் நடக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் தாத்பரியம்.

பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களில் ஏரி வாரியம் என்ற தனிக் குழுவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை விவரிக்கப்படுகிறது. ஊரின் நீர்நிலையைப் பேணுவது ஊரின் நிரந்தரக் கடமையாகவே அக்காலத்தில் கருதப்பட்டது. இதே நோக்கமுடைய வழக்கம்தான், ஊராரின் உழைப்பாலேயே நீர்நிலைகளைச் செப்பனிடும் ‘குடிமராமத்து’.

ஆனால் பழமையைப் போற்றுகிறவர்கள் ஓர் உண்மையை மறைத்துவிடக் கூடாது. தஞ்சைத் தரணியில் குடிமராமத்து என்ற பெயரால் சேற்றில் இறங்கி வெட்டியவர்கள், பெரும்பாலும் நிலத்துக்கு உடையவர்கள் அல்லர். மிராசுதாரரின் ஏவலுக்கு மறுமொழி சொல்ல முடியாத பண்ணையாட்களே. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலையைச் செய்யத் தவறியவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு வசூலிக்க இடமளித்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்த பிறகு, கூலியில்லாத அந்த உழைப்பு தொடர்ந்து நடக்கவேண்டும் என்று நியாயமுள்ள எவனும் கேட்கமாட்டான். பழைய ஏற்பாட்டில் நாம் திரும்பப் பெறவேண்டியது அதன் கட்டாயத்தை அன்று. வருஷந்தவறாத அதன் ஒழுங்கையே.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே சங்கடம் நேர்ந்தது. அங்கே ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு ஒழிந்தது, ஒழிந்தது நன்மையே. ஆனால் அதற்கு ஈடாக வேறோர் ஏற்பாடு செய்யப்படாததால் கிராமத்துக் குளங்கள் தூர்ந்தன. 1856-இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றி, நெல்வயல் சம்பந்தமான பழைய ஊர் வழக்கங்களுக்கு மறுபடியும் உயிர்கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டாயத்தை நீக்கிய கையோடு, ஒழுங்கைக் காப்பதற்குப் பணமும் ஆளும் ஏற்படுத்தாத எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

——————————
பெட்டிச் செய்தி: செப்பனிடும் பணம் எந்தெந்த வாசல் வழியாக வந்திருக்கிறது?

நமக்கு நாமே: 1997-98-இல் தொடங்கிய திட்டம். 2011-க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியைச் சர்க்கார் தரும்.

அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்: 2006-இல் பிறந்தது. ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் குளம், நூலகம், விளையாட்டுத் திடல், மயானம் ஆகியவற்றுக்கு.

தாய் திட்டம்: 2011-12-இல் தொடங்கியது. ஊராட்சிக்குப் பதிலாகக் குக்கிராமத்தையே அலகாகக் கொண்டது.

குடிமராமத்துத் திட்டம்: 2017 மார்ச் 13-ஆம் தேதி காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கப்பட்டது. விவசாயிகள் சங்கத்தின் பங்கு 10 சதவிகிதம். பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ கொடுக்கலாம்.

டெல்டா சிறப்புத் தூர்வாரும் பணி: மேட்டூர் திறப்பதற்கு முன் நீர்வளத் துறை ஆண்டுதோறும் மேற்கொள்வது.

பதினைந்தாவது நிதிக்குழு மானியம்: உள்ளாட்சிகளுக்கு 2021 முதல் 2026 வரை. இதில் 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும்.
——————————

பஞ்சாங்கம் இரண்டு

காவிரி டெல்டாவுக்கு என்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படும். ஜனவரி 28-ஆம் தேதி மூடப்படும். 1934-இல் அணை கட்டி முடிந்த காலந்தொட்டு வழங்கிவரும் மரபு இது. மழையும் கர்நாடகமும் இரங்காத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போவதுண்டு. 2022-இல் அணை கிட்டத்தட்ட நிரம்பியிருந்தபடியால் மே 24-ஆம் தேதியே திறந்ததும் உண்டு. பொதுவாகப் பார்த்தால், ஜனவரிக் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரையில் உள்ள நாலரை மாதமே வாய்க்காலில் மனிதன் இறங்கி நிற்கக்கூடிய காலம்.

சர்க்காருக்கு என்று வேறொரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதில் வருஷம் ஏப்ரல் முதல் தேதி பிறந்து மார்ச் 31-இல் முடிகிறது. தூர்வாருவதற்கான ஒதுக்கீடு புதிய நிதியாண்டில்தான் கைக்கு வரும் என்ற நிலையில், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று ஒவ்வொரு படியாக அது இறங்கி வந்து கரையைத் தொடுவதற்குள் சித்திரை பாதி கழிந்துவிடுகிறது. தைப் பிற்பாதி முதல் பங்குனி முடிய வாய்க்கால் வறண்டு, ஈரம் உலர்ந்து, அளப்பதற்கும் வெட்டுவதற்கும் மிக அனுகூலமாகக் கிடக்கின்ற காலத்தில் பணம் இல்லை. பணம் வருகின்ற காலத்தில் நாள் இல்லை. நாலரை மாதத்துக்குப் பரப்பிச் செய்யவேண்டிய காரியத்தை ஆறு வாரத்தில் செய்து முடிக்கவேண்டும் என்றால், ஆளை விட்டு இயந்திரத்தை நாடவேண்டியிருக்கிறது. அளவை விட்டு நீளத்தை நாடவேண்டியிருக்கிறது.

2021-இல் 647 பணிகளாக 4,061 கிலோமீட்டர் நீளத்துக்கு 65 கோடியே 10 லட்சம் ரூபாயும், 2022-இல் 683 பணிகளாக 4,964 கிலோமீட்டருக்கு 80 கோடி ரூபாயும் சர்க்கார் ஒதுக்கியது. இரண்டு வருஷத்துக் கணக்கிலும் கிலோமீட்டருக்குச் சராசரி ஒரு லட்சத்து அறுபதினாயிரம் ரூபாய் விழுகிறது. இந்தத் தொகை சிறிது என்று நான் சொல்ல வரவில்லை. முன்னெல்லாம் இந்த அளவுக்குக் கூடக் கிடைக்காமல் தவித்த ஆண்டுகள் பல. ஆயினும், வாரிய எக்கலைக் கரையின் உள்சரிவிலேயே குவித்துவிட்டுப் போனால் ஐப்பசியில் முதல் கனமழைக்கே அது மறுபடி வாய்க்காலுக்குள் வழிந்துவிடும் என்பதும், மண்ணை அப்புறப்படுத்திக் கரையைத் திமிசு போட்டு இறுக்குவதற்கு நாளும் செலவும் வேண்டும் என்பதும், கிலோமீட்டர்க் கணக்கில் எங்கும் தெரியாத விஷயங்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன அளவுப் பிரச்னையும் இதனோடு சேர்ந்ததே. வாய்க்கால் என்பது வெறும் பள்ளம் அன்று. தலைப்பிலிருந்து கடைமடை வரைக்கும் மிக மெல்லிய ஒரு சரிவு அதற்கு உண்டு. ஒவ்வொரு மதகின் அடிக்கல்லும் அந்தச் சரிவுக்கு ஒத்து வைக்கப்பட்டது. டெல்டாவின் நிலம் கிட்டத்தட்ட சமதரை; இங்கே ஓரடி உயரம் என்பது பெரிய சங்கதி. தலைப்பில் ஆழமாகவும் கடையில் மேடாகவும் வெட்டிவிட்டால், தூர்வாரியதாலேயே சில வயல்களுக்குப் பாய்ச்சல் கெட்டுப்போகும். முன்னாளில் மதகுக்கு அருகே வெட்டுகிறவன், நிலம் தன்னுடையதாக இல்லாவிட்டாலும், அந்த மதகுத் தண்ணீரிலேயே பயிர் செய்கிறவன். அவன் கண்ணே அவனுக்கு அளவுகோலாக இருந்தது.

மதகோடு நின்றுவிடும் பணம்

வாய்க்கால்களுக்கும் வர்ணப் பிரிவு உண்டு. உத்தியோகஸ்தர்கள் அவற்றை ஏ, பி, சி, டி என்று பிரித்திருக்கிறார்கள். ஆற்றிலிருந்து பிரியும் பெரிய வாய்க்கால்களும் அவற்றின் முதற்கிளைகளும் நீர்வளத் துறையைச் சேரும். வயலுக்குப் பக்கத்தில் ஓடும் சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண்மைப் பொறியியல் துறையின் பொறுப்பு. அதற்கும் உட்பட்ட கன்னி வாய்க்கால், யாருக்கும் பொறுப்பில்லாமல் ஊரின் தயவில் கிடக்கிறது. உடம்பில் பெரிய ரத்தக்குழாய்க்கு ஒரு வைத்தியர், சிறிய குழாய்க்கு வேறொரு வைத்தியர், நுனிவிரலுக்கு எவருமில்லை என்றால் அந்த உடம்பு எப்படி இருக்கும்? ஒரு துறையின் வேலை முடிந்த மறுநாள் அடுத்த துறையின் வேலை தொடங்கவேண்டும் என்ற நியதியும் இல்லாததால், பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடுகின்றபோதே கிளை வாய்க்காலில் கோரை ஆளுயரம் நிற்பதை எந்த வருஷத்து ஆடியிலும் பார்க்கலாம்.

பாசன வாய்க்காலுக்கு இருக்கிற இந்த அற்ப சொற்ப அக்கறைகூட வடிகாலுக்கு இல்லை என்பது என் மனத்தை மிகவும் வருத்துகிற விஷயம். குறுவைக்குத் தண்ணீர் வராத துயரத்தை எல்லோரும் பேசுகிறோம். சம்பாவில் தண்ணீர் வடியாத துயரம் அதைவிடக் குறைந்தது அன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறபோது, வெங்காயத்தாமரை மண்டிய வடிகாலில் நீர் எதிர்த்து நிற்க, நட்டு ஒரு மாதமும் ஆகாத பயிர் நாலு நாள், ஐந்து நாள் மூழ்கிக் கிடந்து அழுகுகிறது. பிறகு வருகிற நஷ்டஈடு அரசாங்கத்தின் இரக்கத்தைக் காட்டும். அதில் ஒரு பகுதியை மாசி மாதத்திலேயே வடிகாலில் செலவிட்டிருந்தால் பயிரே பிழைத்திருக்கும். பயிர் அழுகியபின் கொடுக்கும் பணத்துக்கு வழி இருக்கிறது. அழுகாமல் காக்கும் பணத்துக்குத்தான் கணக்குத் தலைப்பு இல்லை.

ஆறரை லட்சமும் முப்பத்தாறு லட்சமும்

2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரைச் சர்க்கார் மறுபடியும் எடுத்தபோது, என்னைப் போன்ற பலருக்கு உண்டான சந்தோஷம் சாதாரணமானது அன்று. ஒப்பந்தப்புள்ளி இல்லாமல், ஆயக்கட்டுதாரர்களின் சங்கமே வேலையை ஏற்று நடத்தலாம்; பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவே தரலாம்; வண்டல் மண்ணை விவசாயிகள் தங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பன அருமையான ஏற்பாடுகள். முதல் ஆண்டில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. 2020-21-இல் 499 கோடியே 79 லட்சம் ரூபாயில் 1,387 பணிகள்.

இந்த இரண்டு வரிகளையும் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். முதல் ஆண்டில் ஒரு வேலையின் சராசரி மதிப்பு ஏறக்குறைய ஆறரை லட்சம். ஊரின் பங்கு அறுபத்தையாயிரம் சொச்சம். ஒரு கிராமத்து விவசாயிகள் ஒன்றுகூடி, சிலர் பணமாகவும் சிலர் டிராக்டராகவும் சிலர் பத்து நாள் உழைப்பாகவும் இதைக் கொடுத்துவிடலாம். நாலு ஆண்டு கழித்து ஒரு வேலையின் சராசரி மதிப்பு முப்பத்தாறு லட்சம். பத்தில் ஒரு பங்கு மூன்று லட்சத்து அறுபதினாயிரம். குறுவைக்கு வாங்கிய கடனை அடைக்க முடியாத சிறு விவசாயிகளின் சங்கம் இந்தத் தொகையை எங்கிருந்து கொண்டுவரும்? அப்போது வேலையை எடுத்துச் செய்ய வல்லவரான ஒருவர் சங்கத்தின் பெயரால் முன்வருகிறார். சங்கம் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. பல இடங்களிலிருந்து எழுந்த புகார்களுக்கு வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மனிதர்களுடைய பேராசையின்மேல் முழுப் பழியையும் போடுவதற்கு முன், வேலையின் அளவு ஊரின் கைக்கு அடங்கியிருந்ததா என்று பார்ப்பது நியாயம்.

நமக்கு நாமே திட்டத்திலும் இதே நியாயம் பொருந்தும். மூன்றில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும் என்றால், வெளிநாட்டில் பிள்ளைகள் சம்பாதிக்கும் தெருவுக்கு நல்ல பாதை கிடைக்கும். கூலி வேலை செய்பவர்களின் தெருவுக்கு மயானப் பாதைகூடக் கிடைப்பது கடினம். ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்குக் குறைந்த பங்கு போதும் என்ற சலுகை இருக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த பங்கையும் உழைப்பாக ஏற்றுக்கொண்டால்தான் சலுகை சலுகையாகும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலையில் கூலி கொடுத்து வெட்டிய குளங்களும் வாய்க்கால்களும் நமக்குக் காட்டுவது, கட்டாயமில்லாத குடிமராமத்து சாத்தியம் என்பதையே.

சாய்ந்த லிங்கமும் யானைகளும்

திருப்பனந்தாளில் நின்றுகொண்டு மராமத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு அந்த ஊர்க் கோயிலின் கதை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தாடகை என்ற பெண்ணொருத்தி (இராமாயணத்து அரக்கி அல்லள்) மாலை சாத்த வந்தபோது, நெகிழ்ந்த ஆடையை முழங்கைகளால் இடுக்கியபடி அவள் தவித்ததைக் கண்டு செஞ்சடையப்பர் தம் திருமுடியைச் சாய்த்து மாலையை ஏற்றார் என்பதும், சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்தச் சோழ மன்னன் யானைகளையும் சேனையையும் கட்டி இழுத்தும் முடியாமற்போக, திருக்கடவூரிலிருந்து வந்த குங்குலியக் கலயர் கயிற்றின் ஒரு நுனியைத் தம் கழுத்தில் பூட்டி இழுத்தபோதே அது நிமிர்ந்தது என்பதும் தலவரலாறு. அடியாரின் பக்தியைச் சொல்லும் புராணம் இது. நீர்ப்பாசனத்துக்காகச் சொல்லப்பட்டது அன்று. இருந்தாலும் மன்னனுடைய யானைப்படை தோற்ற இடத்தில், கயிற்றைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டவனுக்குக் காரியம் கைகூடிற்று என்பதை இந்தக் காவிரிக் கரை ஜனங்கள் ஆயிரம் வருஷமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள்.

புதிதாக ஒரு கோயில் எழுப்புவதைவிடப் பழுதான கோயிலைத் திருப்பணி செய்வது பன்மடங்கு புண்ணியம் என்பது நம் பெரியோர் கொண்ட கொள்கை. ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லே அதற்காகப் பிறந்தது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்த பெருமையை இந்த ஜில்லாவில் அறியாதவர் இல்லை. ஆனால் நம் பொது நிர்வாகத்தில் இந்தக் கொள்கை தலைகீழாக நிற்கிறது. புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, புகைப்படம் உண்டு. ஓட்டையான ஷட்டருக்கு எண்ணெயிட்டு, உளுத்த பலகையை மாற்றி, ரப்பர் பட்டை போட்டதற்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை.

ஒத்திவைத்த பழுதின் விலை

இந்தப் பாராமுகத்தின் விளைவு எப்படியிருக்கும் என்பதைக் காவிரியே ஒருமுறை நமக்குக் காட்டிவிட்டது. முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிய மேலணையில், கொள்ளிடத்தின் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவில் உடைந்து வெள்ளத்தோடு போயின. ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் உழைத்த கட்டடம் அது. வயோதிகமே காரணம் என்றனர் சிலர். ஆற்றில் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததே காரணம் என்றனர் விவசாயிகள். அந்த விவாதத்துக்குள் போகாமலே ஒன்று சொல்லலாம்: அதே இடத்தில் புதிய கதவணை கட்டுவதற்கு 387 கோடியே 60 லட்சம் ரூபாய் வேண்டியிருந்தது. டெல்டா முழுவதற்கும் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் தூர்வார ஒதுக்கிய மொத்தத் தொகையைப் போல் இது இரண்டரை மடங்குக்கும் மேல்.

திருப்பனந்தாளுக்கு வடக்கே அருகில் உள்ள அணைக்கரைக் கீழணையும் அதே காட்டனால் அதே 1836-இல் கட்டப்பட்டதுதான். வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்கும் தண்ணீர் இங்கிருந்தே போகிறது. வீராணத்துத் தண்ணீரைச் சென்னைப் பட்டணம் குடிக்கிறது. கீழணையின்மேல் போகும் பழைய பாலம் தளர்ந்துபோய்க் கனரக வண்டிகளுக்குத் தடை விதிக்க நேர்ந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் அனுபவித்திருக்கிறார்கள். ஒரு கிராமத்து மதகின் பழுது ஒரு கிராமத்தோடு நிற்கும். இப்படிப்பட்ட ஓர் அணையின் பழுது எத்தனை லட்சம் பேரைத் தொடும் என்று எண்ணும்போதே நெஞ்சு பதறுகிறது.

நீர் சம்பந்தமில்லாத பொதுக் கட்டடங்களின் கதையும் வேறன்று. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளிக்கூடம் ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகே மாநிலம் முழுவதும் சிதிலமான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் உத்தரவு பிறந்தது. கணக்கெடுப்பது ஒரு நாள் வேலை. விரிசலைக் கண்ணால் பார்ப்பதற்குத் தலைமையாசிரியர் ஒருவரே போதும். அவர் எழுதும் கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் பத்தாயிரம் ரூபாயாவது அனுப்பக்கூடிய ஒரு நிதி ஒவ்வொரு ஊரிலும் கையிருப்பில் இருந்தால், இப்படிப்பட்ட சாவுகளில் சிலவற்றையாவது தவிர்க்கலாம்.

——————————
பெட்டிச் செய்தி: பழுதுபார்த்தே வாழ்ந்த அணை

கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை இன்றும் பயன்படுவதற்கு, அது கட்டப்பட்ட விதத்தோடு, பின்வந்தவர்கள் இடைவிடாது செய்த மராமத்தும் காரணம். 1804-இல் ராணுவப் பொறியாளர் காப்டன் கால்டுவெல் அதன்மேல் கல் அடுக்கி 27 அங்குலம் உயர்த்த யோசனை கூறினார். 1830-ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் மணல் தள்ளும் மதகுகளை அமைத்தார். ஆற்று மணலின்மேல் நின்ற அதன் அடித்தளத்தைக் கண்டு வியந்த அவர், அந்த வித்தையையே தம் பிற்கால அணைகளில் கையாண்டார். மேலணையும் கீழணையும் அதன் பின்னரே பிறந்தன. கல்லணைக் கால்வாயை விரிவுபடுத்திப் புதுப்பிக்கும் சுமார் 2,640 கோடி ரூபாய் வேலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.
——————————

செய்யக்கூடியவை

முதலாவது, டெல்டாவின் மராமத்துப் பணத்தை டெல்டாவின் பஞ்சாங்கத்துக்கு மாற்றவேண்டும். அடுத்த நிதியாண்டின் ஒதுக்கீட்டை முன்கூட்டியே அனுமதித்து, மார்கழியில் மதிப்பீடும் தையில் பணி ஆணையும் முடிந்துவிட்டால், அணை மூடிய வாரத்திலேயே வேலை தொடங்கலாம். இதற்குப் புதிதாக ஒரு ரூபாயும் வேண்டாம். ஓர் உத்தரவு போதும். ஆறு வாரத்து அவசரம் நீங்கிவிட்டால், இயந்திரம் போகாத வாய்க்காலுக்கு ஆட்களைக் கொண்டுவரவும், வாரிய மண்ணை வயலுக்குக் கொண்டுபோகவும் அவகாசம் உண்டாகும்.

இரண்டாவது விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எந்தப் புதிய பொதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கினாலும், அதோடு சேர்த்து வருஷாந்திரப் பராமரிப்புக்கு ஒரு பங்கை அந்த ஊராட்சியின் பெயரில் நிரந்தரமாக வைக்கவேண்டும். பழைய மானிய நிலத்தின் இடத்தில் இன்று ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். அந்தப் பணம் மார்ச் 31-இல் காலாவதியாகக் கூடாது.

மூன்றாவதாக, வேலையை அளந்து, அளவைப் புத்தகத்தில் பதியும்போது, அந்த மதகில் தண்ணீர் வாங்கும் இருவரின் கையெழுத்தும் இருக்கவேண்டும் என்று விதித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் பாசன அமைப்புக்களை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இதற்கு வேண்டிய உரிமை அதிலேயே இருக்கிறது. பொறியாளர் மட்டத்தைப் பார்க்கட்டும். விவசாயி மடையைப் பார்க்கட்டும். திருப்பனந்தாளில் நான் கண்ட பெரியவர் மண்வெட்டிக் காம்பை ஊன்றிக் காட்டிய ஒரு முழம், எந்தப் பலகையிலும் எழுதப்படாத அளவு. அவருக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து இருந்திருந்தால், இயந்திரம் கரையை விட்டுப் போவதற்கு முன்பே அந்தப் பிழை திருத்தப்பட்டிருக்கும்.

டெல்டாவிலுள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜனவரி 26-ஆம் தேதி ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. அன்று உங்கள் ஊரின் வாய்க்கால், வடிகால், மதகு, பள்ளிக் கட்டடம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, என்ன பழுது என்று எழுதித் தீர்மானமாகப் பதியச் செய்யுங்கள். முதலில் வடிகாலை எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, 28-ஆம் தேதி, மேட்டூர் அணை மூடப்படும்.